கூலர் வாங்கும் முன் ஒரு கேஜ் வாங்குங்கள்

டிராக்குக்கு வண்டி ரெடி பண்ணப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களின் பட்டியலில் டயர், பிரேக் பேட், சஸ்பென்ஷனுக்கு அடுத்த வரியில் ஆயில் கூலர் கட்டாயம் இருக்கும். மற்ற மூன்றுக்கும் காரணம் சொல்வார்கள். கூலருக்கு மட்டும் "எல்லாரும் போடுறாங்களே" என்பார்கள். சரி, உங்கள் ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று கேட்டால் டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளைக் காட்டுவார்கள். அது தண்ணீரின் சூடு. ஆயிலுக்கும் அதற்கும் உறவு உண்டு, ஆனால் தூரத்து உறவு.

போன சீசன் முடிந்ததும் என் வண்டிக்கு ஆயில் கூலர் மாட்டினேன். எப்படி மாட்டினாய், என்ன பிராண்ட், என்ன சைஸ் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிராண்டும் சைஸும் இந்த வேலையில் கடைசிக் கேள்விகள். அதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வண்டி ஹோண்டா சிட்டி. இந்தியாவில் 1998-இல் வந்த முதல் உருவம், 1.5 விடெக், 106 குதிரைத்திறன், ஏறக்குறைய ஒரு டன் எடை. நம்மூர் ரேஸ் ஆட்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: ரெவ் ஏற ஏறத்தான் இந்த எஞ்சினுக்கு உயிர் வரும், அதனால் டிராக்கில் முள்ளை 5,000-க்குக் கீழே இறங்க விடமாட்டோம். பின் சீட், கார்பெட், ஏசி எல்லாம் எப்போதோ போய்விட்டன. ரோல் கேஜ், கெட்டியான ஸ்பிரிங், இன்டேக், எக்ஸாஸ்ட் என்று வழக்கமான வேலைகள் நடந்திருக்கின்றன.

இப்படி ரெவ்விலேயே வைத்து ஓட்டும்போது ஆயில் ஏன் சூடாகிறது? தண்ணீர் சிலிண்டர் சுவரையும் ஹெட்டையும்தான் தொடுகிறது. பிஸ்டனின் அடிவயிறு, கிராங்க் பேரிங், கேம் இதையெல்லாம் குளிர வைப்பது ஆயில். அதுபோக, பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் நிற்கும் ஆயில் படலம், இரண்டு பரப்புகளுக்கு இடையே இழுபட்டே சூடாகும். ஆர்பிஎம் ஏறினால் அந்தச் சூடும் ஏறும். ஹைவேயில் 100-இல் போகும்போது இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லேப் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். லேப் முழுக்க ஒன்று ஆக்ஸிலரேட்டரில் கால், இல்லையென்றால் பிரேக்கில் கால். ஆயிலுக்கு மூச்சுவிட நேரமில்லை.

இதில் ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. தண்ணீர் முதல் ஒன்றிரண்டு லேப்பிலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும். அதற்குத் தெர்மோஸ்டாட் இருக்கிறது, ரேடியேட்டர் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. ஆயில் பொறுமையாக ஏறும். மூன்றாவது லேப், நான்காவது லேப், ஐந்தாவது லேப் என்று ஏறிக்கொண்டே போகும். டேஷ்போர்டு முள் நடுவில் நின்று "எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஆயில் 135 டிகிரியில் இருக்கலாம். குறுகிய செஷன் ஓட்டுகிறவருக்குப் பிரச்சினை வராது. அதே வண்டியில் அதே வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுகிறவருக்கு வரும். "என் பிரெண்ட் கூலர் இல்லாமத்தான் ஓட்டுறான், ஒண்ணும் ஆகல" என்ற வாதம் நிற்காது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆகவே முதல் செலவு கேஜ். ஒன்று ஆயில் டெம்பரேச்சருக்கு, ஒன்று ஆயில் பிரஷருக்கு. இரண்டும் வேண்டும். டிரெய்ன் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் டெம்பரேச்சர் சென்சார் கடைகளில் கிடைக்கிறது, சல்லிசு. ஆனால் வண்டியைத் தாழ்த்தியிருந்தால் அது கீழே துருத்திக்கொண்டு நிற்கும். கெர்ப் மேல் ஏறும்போது அடி வாங்கிக் கழன்றால் சம்ப் ஆயில் மொத்தமும் டிராக்கில்தான். நான் சம்ப்பைக் கழற்றி, பக்கவாட்டில் ஒரு நட்டு வெல்ட் செய்து சென்சாரை அங்கே வைத்தேன். பிரஷர் சென்சாரை ஆயில் லைட் சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து ஒரு டி போட்டு எடுத்தேன். இங்கே கவனம்: ஹோண்டாவில் அந்த இடத்தில் இருப்பது பிரிட்டிஷ் பைப் மரை. நிறைய கேஜ்களோடு வருவது அமெரிக்க என்பிடி மரை. இரண்டும் 1/8 இன்ச் என்றுதான் எழுதியிருக்கும், முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் மல்லுக்கட்டினால் எஞ்சின் பிளாக்கின் மரை போய்விடும். சரியான அடாப்டர் போடுங்கள்.

சென்சார் எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சம்ப்பில் எடுத்த எண்ணும், கூலர் வழியாகத் திரும்பி வரும் ஆயிலில் எடுத்த எண்ணும் ஒன்றல்ல. அடுத்த பிட்டில் இருப்பவர் "எனக்கு 105-தான் வருது" என்றால், எங்கே அளக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கேஜ் மாட்டியபின் ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள். நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கு 100 முதல் 120 வரை சுகமான இடம். 130-ஐத் தொட்டால் யோசிக்க வேண்டும். 140 என்றால் பிட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஆயில் கெட்டுப்போகும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. பிசுக்கும் விழும். 40 கிரேடு ஆயில் என்பது 100 டிகிரியில் 12.5-க்கும் 16.3-க்கும் இடையே சென்டிஸ்டோக் இருக்க வேண்டும் என்ற வரையறை. அந்த ஆயிலே 130-இல் அதில் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். படலம் மெலிந்தால் பேரிங் கிராங்கைத் தொடும். தொட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம், அந்த "டொக் டொக்" சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இப்போது இரண்டு கேஜும் சேர்ந்து சொல்லும் கதை. லேப் போகப் போக ஆயில் சூடு ஏறி, அதோடு சேர்ந்து பிரஷர் மெல்ல மெல்லக் குறைகிறதா? அது சூட்டுப் பிரச்சினை, கூலர் உதவும். நேர்ச்சாலையில் பிரஷர் ஒழுங்காக இருந்து, நீண்ட வளைவில் மட்டும் திடீரென்று விழுந்து, வெளியே வந்ததும் ஏறுகிறதா? அது வேறு நோய். ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுகிறது. அதற்கு மருந்து சம்ப்பில் தடுப்புத் தகடு. கூலர் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. கூலர் போட்டும் எஞ்சின் போச்சு என்று புலம்புகிற பல கதைகளில் நடந்தது இதுதான் என்பது என் சந்தேகம். பிரஷருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ. வேதவாக்கு இல்லை, ஆனால் ஓட்டிக்கொண்டே ஒரு பார்வையில் சரிபார்க்க வசதி.

சென்சாருக்காகச் சம்ப்பை இறக்கியபோதே உள்ளே தடுப்புத் தகடும் வெல்ட் செய்துவிட்டோம். அதன்பின் பிரஷர் வளைவில் விழவில்லை. சூடு மட்டும் மதிய செஷன்களில் 130-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கூலர் என்ற பேச்சே வந்தது.

நேராக மெக்கானிக் அண்ணனிடம் போய், "அண்ணே, 19 ரோ வாங்கட்டுமா, 25 ரோ வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"காத்து எங்க வருது, எங்க போவுதுன்னு மொதல்ல சொல்லு தம்பி. ரோவ அப்புறம் எண்ணலாம்."

அந்த ஒரு பதிலில் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. காற்றுக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் வகைகளை ஓட்டமாகப் பார்த்துவிடுவோம்.

ஆயில் கூலரில் இரண்டு ஜாதி. ஒன்று, ரேடியேட்டர் தண்ணீரை வைத்தே ஆயிலைக் குளிர்விப்பது. ஹோண்டாவே தன் பி16 எஞ்சினில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே இப்படி ஒன்றை வைத்திருந்தது. சின்னது, ஹோஸ் குறைவு, காலையில் ஆயில் சீக்கிரம் சூடாகும், விபத்தில் முதலில் நசுங்காது. தினமும் ஆபீஸுக்கும் போய், எப்போதாவது டிராக்குக்கும் வரும் வண்டிக்கு இதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஆயிலிலிருந்து எடுத்த சூடு தண்ணீருக்குத்தான் போகிறது. உங்கள் ரேடியேட்டர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் கடனை ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாற்றியதாகத்தான் ஆகும். இரண்டாவது, முன்னால் வைத்துக் காற்றில் குளிர்விப்பது. நான் போட்டது இது.

கோர் என்று பார்த்தால் தட்டுத்தட்டாக அடுக்கிய அலுமினியக் கோர்தான் வாங்க வேண்டும். இங்கிலாந்தின் மோக்கல், ஸ்வீடனின் செட்ராப் இரண்டும் பல காலமாக ரேஸ் வண்டிகளில் இருக்கும் பெயர்கள். வெளியே அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் மலிவுக் கோர்களும் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. வாங்கினால் மாட்டும் முன் உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். அலுமினியத் தூளும் வெல்டிங் கசடும் வந்தால் அதெல்லாம் நேராக உங்கள் பேரிங்குக்குப் போகவிருந்தவை. என் வண்டிக்கு 235 மில்லிமீட்டர் அகலத்தில் 16 ரோ போதும் என்று முடிவு செய்தோம். டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 25 ரோ என்பது மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்கு.

ஃபில்டர் இருக்கும் இடத்தில் சாண்ட்விச் பிளேட் வரும். பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே உட்கார்ந்து ஆயிலை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் வட்டத் தட்டு. இந்த ஹோண்டாவில் ஃபில்டர் மரை எம்20, பிட்ச் 1.5. மாருதியின் பழைய 1.3 எஞ்சினிலும் அதுவே. டொயோட்டாவில் பெரும்பாலும் 3/4 இன்ச். மரையைப் பார்த்து வாங்குங்கள். பிளேட்டின் ஓ-ரிங், பிளாக்கின் சமமான பரப்பில் முழுசாக உட்காருகிறதா என்று மாட்டும் முன் மைதா மாவோ கிரீஸோ தடவி அச்சு எடுத்துப் பாருங்கள். சில பிளாக்குகளில் விளிம்பு மேடாக இருக்கும், ஓ-ரிங் பாதிதான் பதியும். நடு போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். அடுத்த ஆயில் சர்வீஸில் ஃபில்டரைத் திருகும்போது சில சமயம் ஃபில்டரோடு சேர்ந்து அந்த நடு போல்ட்டும் தளரும். வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஃபில்டர் மாற்றத்துக்கும் போல்ட்டைச் சரிபார்ப்பது என் பட்டறையில் இப்போது சட்டம்.

பிளேட்டில் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டுமா? "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்று கடைக்காரரே கேட்டார். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் ஆயில் ஜில்லென்று இருப்பதும் தப்பு. எரிப்பில் உண்டாகும் தண்ணீரும், கழுவி இறங்கும் பெட்ரோலும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகிப் போகும். எப்போதும் 70-லேயே ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக மோர் மாதிரி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நவம்பர் மழையில் வண்டியை டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதும், காலை ஏழு மணிக்கு முதல் செஷனில் இறங்கும்போதும் தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் எதிரி. 80 டிகிரி வாக்கில் திறக்கும் பிளேட் வாங்கினேன். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்குள் கசியவிடும் வகை அது. திறக்கும் நேரத்தில் கூலரில் தேங்கிக்கிடந்த குளிர்ந்த ஆயில் மொத்தமாக எஞ்சினுக்குள் போய் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு.

அடுத்தது ஹோஸ். இங்கேதான் நம்மூரில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ரேசிங் ஹோஸ் விலையைப் பார்த்து மலைத்துப்போய், ஜேசிபிக்கு ஹோஸ் கிரிம்ப் செய்து கொடுக்கும் ஹைட்ராலிக் கடைக்குப் போவோம். நானும் விசாரித்தேன். "சார், இது ஆர்2 ஹோஸ். 250 பார் தாங்கும். உங்க காரெல்லாம் இதுக்குத் தூசு" என்றார் கடைத் தம்பி. பிரஷரைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. எஞ்சின் ஆயில் பிரஷர் ஐந்தாறு பார்தான். ஆனால் அந்த ஹோஸின் உள் ரப்பருக்குச் சொல்லியிருக்கும் சூட்டு எல்லை 100 டிகிரி. நம் ஆயில் அதற்கு மேல்தானே வாழ்கிறது! சில மாதங்களில் உள் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்து, துண்டு துண்டாக ஆயிலில் கலக்கும். கடைக்காரர் மீது குற்றமில்லை, அவரிடம் யாரும் சூட்டைச் சொல்வதே இல்லை. "130 டிகிரி எஞ்சின் ஆயில்" என்று சொல்லிக் கேட்டால் அதே கடையில் உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ள ஆர்14 ஹோஸை எடுத்துக் கொடுப்பார்கள். அது 200 டிகிரிவரை கவலைப்படாது. கெட்டியாக இருக்கும், சட்டென்று வளைத்தால் மடிந்துவிடும். அதனால் நீளத்தை நிதானமாக அளந்து, வளைவு வரும் இடங்களில் 45, 90 டிகிரி எண்ட் போட்டு வாங்க வேண்டும்.

சைஸ் ஏஎன்-10. அந்த எண் இன்ச்சில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. ஏஎன்-10 என்றால் 5/8 இன்ச். ஏஎன்-8 போட்டும் பலர் ஓட்டுகிறார்கள், இந்த எஞ்சினுக்கு அதுவும் ஓடும். முக்கியம் எதுவென்றால், ஏஎன் முனை 37 டிகிரிக் கூம்பு, பிரிட்டிஷ் பைப் (பிஎஸ்பி) முனை 30 டிகிரி. இரண்டையும் கலந்து மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் கசியும். கசிகிறதே என்று இன்னும் முடுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

ஹோஸ் போகும் வழி இந்த வண்டியில் ஒரு தலைவலி. ஃபில்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் முன்னால், ரேடியேட்டர் பக்கம். கூலர் அதற்கும் முன்னால். அதாவது பின்னாலிருந்து கிளம்பி, டிரைவ் ஷாஃப்ட்டைத் தொடாமல், ஸ்டீயரிங் ராடைத் தொடாமல், மேனிஃபோல்ட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் முன்னே வர வேண்டும். எஞ்சின் தன் மவுண்டில் ஆடும், பாடி ஆடாது. எனவே நடுவில் தளர்வு விட வேண்டும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் உரசினால் ஹோஸுக்கு ஒன்றும் ஆகாது, அது உரசும் பொருள்தான் அறுபடும். வயரிங், பிரேக் பைப், சேசிஸ் தகடு எதையும் விட்டுவைக்காது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட், மற்ற இடங்களில் கிளாம்ப், மேனிஃபோல்ட் பக்கத்தில் சூடு தாங்கும் உறை. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, சஸ்பென்ஷனை ஜாக்கியில் முழுசாக அழுத்தி, டயர் எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள். பட்டறையில் சும்மா நிற்கும் வண்டியில் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

இப்போது காற்று.

சாதாரணமாகச் செய்வது இது: பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் நாலு ஜிப் டை போட்டுக் கூலரைக் கட்டி, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவது. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே வைத்தால் ஆயில் கூலரைத் தாண்டி வந்த சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. ஏசி கண்டென்சரைக் கழற்றிய வண்டி என்றால் அந்த இடம் சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். தண்ணீர்ச் சூட்டில் நிறைய இடைவெளி இருந்தால் செய்யலாம். எனக்கு இல்லை. அதனால் இடது பக்க பம்பர் மூலையை எடுத்துக்கொண்டோம். பம்பருக்கு உள்ளே, சக்கர வளைவுக்கு முன்னால், ஒரு பள்ளம் மாதிரி இடம். கீழ்க் கிரில்லின் ஓரத்திலிருந்து காற்று எடுக்கலாம்.

கோரின் முன்னால் திறப்பு இருந்தால் போதும், காற்று தானே உள்ளே போகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். போகாது. கோரின் துடுப்புகள் காற்றுக்கு ஒரு தடை. காற்று நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, பக்கத்தில் ஓர் இடுக்கு கிடைத்தால் அதில் நுழைந்து போய்விடும். கோரைச் சுற்றி விரல் அளவு இடைவெளி இருந்தாலும் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் ஓடும். ஆகவே திறப்பிலிருந்து கோர்வரை நாலு பக்கமும் மூடிய டக்ட் வேண்டும். முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தோம். வடிவம் சரியானதும் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டி ரிவெட் அடித்தோம். கோரைத் தொடும் விளிம்பில் சுற்றிலும் ஃபோம் பட்டை. உள்ளே வரும் வாய் கோரின் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே இருந்தால் போதும். வாய் சின்னதாக இருந்து போகப் போக அகலும்போது காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடி, கோரின் முகம் முழுக்கப் பரவி நுழையும். பம்பரில் பெரிய ஓட்டை போட வேண்டியதே இல்லை.

அதைவிட முக்கியம், வெளியேறும் வழி. கூலருக்குப் பின்னால் காற்று தேங்கினால் முன்னால் எத்தனை அழகான டக்ட் இருந்தும் பிரயோஜனம் கிடையாது. முன்சக்கர வளைவின் பிளாஸ்டிக் லைனரில் கூலருக்குப் பின்னால் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் முன் விளிம்பில் சின்ன உதடு ஒன்று வைத்தோம். டயர் கல்லை அடிக்காமல் இருக்க உள்பக்கம் வலை. முன்பக்கமும் ஒரு வலை. வலை பொடியாக இருந்தால் அதுவே காற்றை அடைக்கும், அரை இன்ச் கண் போதும். கூலரை ரப்பர் புஷ்ஷில் தொங்கவிட்டோம். இறுக்கமாக போல்ட் போட்டால் அதிர்வில் அலுமினியக் காது விரிசல் விடும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? உள்ளே போகும் முனையிலும் வெளியே வரும் முனையிலும் சூட்டை அளந்து வித்தியாசம் பார்க்க வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியத்தில் நேராக நீட்டினால் பொய் சொல்லும். இரண்டு முனைகளிலும் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளங்கள்.

முதல் ஸ்டார்ட். கோரிலும் ஹோஸிலும் ஆயில் ஊற்றியே மாட்டினோம். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பிரஷர் கேஜ் முள் எழும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். பிறகுதான் ஃபியூஸைத் திரும்பப் போட்டது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஐடிலில் ஓடவிட்டு, கசிவு இல்லை, டிப்ஸ்டிக் சரி என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தெர்மோஸ்டாட் இன்னும் திறக்கவே இல்லை. முழு ஓட்டம் கூலர் வழியாகப் போகவே இல்லை. நன்றாக ஓட்டி, ஆயில் 90-ஐத் தாண்டிய பிறகு நிறுத்தி, திரும்பப் பாருங்கள். மட்டம் இறங்கியிருக்கும், ஊற்ற வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில்தான் கசிவும் கண்ணில் படும். ஒரு சொட்டுக் கசிவு என்றாலும் டிராக்குக்குப் போகாதீர்கள். வளைவில் நீங்கள் சிந்தும் ஆயிலில் அடுத்து வரப்போவது பைக்காக இருக்கலாம்.

பலன்? அதே டிராக், அதே ஆயில், மதிய செஷன். 130-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த சம்ப் சூடு இப்போது 112-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. செஷன் முடிவிலும் பிரஷர் முதல் லேப்பில் இருந்ததற்குப் பக்கத்தில் இருக்கிறது. லேப் டைம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோவை செட்டிப்பாளையத்தில், கரிவர்தன் பெயரில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயில், நேர்ச்சாலை குட்டையாகவும் வளைவுகள் நெருக்கமாகவும் இருக்கும். அங்கே கூலருக்குக் காற்று குறைவாகக் கிடைப்பதால் நாலைந்து டிகிரி கூடுதலாகவே நிற்கிறது.

இவ்வளவு செலவும் வேலையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு லேப் விரட்டுங்கள், ஒரு லேப் நாலாவது கியரில் மெதுவாக ஓட்டிக் குளிரவிடுங்கள். நல்ல 10டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 சிந்தெடிக் போட்டு, மட்டத்தை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் வைத்து, டிராக் நாள் இரண்டு மூன்றுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறை வருகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும். கேஜ் மட்டும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரேஸ் வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய மோக்கல், செட்ராப் கோர்கள் அவ்வப்போது விலைக்கு வரும், ஆசையாகவும் இருக்கும். அந்த வண்டியின் எஞ்சின் ஏன் இறங்கியது என்று விசாரியுங்கள். பேரிங் போன எஞ்சின் என்றால் அதன் உலோகத் தூள் கோரின் தட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுசாக வெளியே வராது, உங்கள் புது எஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்படிப்பட்ட கோரைச் சும்மாவே கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் எஞ்சின் அப்படிப் போயிருந்தால், கூலரையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், அடுத்தவருக்கு விற்காதீர்கள்.